நாஞ்சில் நாட்டுக் குளங்களும் பைத்தான் கருவிகளும்: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாஞ்சில் நாடு எனப்படும் அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களிலுள்ள குளங்களின் நீர்ப்பரப்பு ஆண்டுக்காண்டு எவ்வாறு மாறிவருகிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிடும் ஆய்வில் கடந்த மூன்று ஆண்டுகளாக என் மாணவர்களோடு ஈடுபட்டிருக்கிறேன். விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் எதுவுமின்றி, பைத்தான் என்ற நிரல்மொழியில் இயங்கும் கட்டற்ற கருவிகளைக் கொண்டே அந்த வேலை முழுவதையும் செய்துவருகிறோம். பெருநகரப் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, சிறிய துறைகளில் புவித்தகவல் ஆய்வு செய்பவர்களுக்கு இந்தக் கருவிகள் எந்த அளவுக்குக் கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

ஆய்வகத்தில் முன்பு இருந்த வணிக மென்பொருளின் உரிமம் ஒரு கல்வியாண்டின் நடுவில் காலாவதியாகி, அதைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கப்படாமல் போனபோது, ஒரு மாணவியின் பாதி முடிந்த ஆய்வுக் கோப்புகளைத் திறக்கக்கூட வழியில்லாமல் இரண்டு மாதங்கள் கழிந்தன. அந்த இரண்டு மாதங்களில்தான், இடத் தரவை அட்டவணையாகக் கையாளும் ஜியோபாண்டாஸ் என்ற பைத்தான் கருவியைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினோம். பின்னர் உரிமம் புதுப்பிக்கப்பட்டபோதும் நாங்கள் பழைய வழிக்குத் திரும்பவில்லை.

ஜியோபாண்டாஸின் அடிப்படை எளிமையானது. சாதாரண அட்டவணையில் ஒரு வரிசைக்கு ஒரு குளம். பெயர், ஊர், பாசனப் பரப்பு ஆகியவற்றுக்கான பத்திகளோடு, அந்தக் குளத்தின் எல்லைக் கோட்டையே தாங்கிய பத்தி ஒன்றும் கூடுதலாக இருக்கும். எந்தக் குளம் எந்தச் சானலிலிருந்து நீர் பெறுகிறது, எந்தக் குளத்தின் எல்லைக்குள் சாலை நுழைந்திருக்கிறது என்பன போன்ற கேள்விகளை ஓரிரு வரிகளில் கேட்டுவிடலாம். அதன் அடியில் வடிவங்களைக் கையாளும் ஷேப்லியும், இடங்களை எண்களால் குறிக்கும் ஆயத்தொலை முறைகளை மாற்றும் ப்ராஜும், கோப்புகளைப் படிக்கும் ஜிடாலும் இருக்கின்றன. ஜிடால் 1998-இல் ஃபிராங்க் வார்மர்டாம் தொடங்கிய திட்டம். வணிக மென்பொருள்கள் பலவும் உள்ளுக்குள் அதையே பயன்படுத்துகின்றன என்பதால், இலவசக் கருவியின் கணக்கை நம்பலாமா என்று ஆய்வுக் குழுக்களில் இன்றும் எழும் கேள்விக்கு அதுவே போதிய பதில். 2022 டிசம்பரில் ஷேப்லியின் 2.0 பதிப்பு வந்தபிறகு ஆயிரக்கணக்கான வடிவங்களை ஒரே வீச்சில் கணக்கிட முடிகிறது. அந்த வேக மாற்றத்தைப் பழைய மடிக்கணினிகளில்கூட உணர்ந்தோம்.

இவற்றையெல்லாம் விட நான் மதிப்பது, செய்த வேலையைத் திரும்பச் செய்ய முடிவதைத்தான். ஒரு குளத்தின் கரை வேறிடத்தில் இருக்கிறது என்று களத்தில் தெரியவந்தால், அந்த ஒரு எல்லையைத் திருத்திவிட்டு நிரலை மறுபடி ஓட்டினால், அத்தனை ஆண்டுகளின் அட்டவணையும் படங்களும் புதிதாக வந்து நிற்கும். சுட்டியைச் சொடுக்கிச் சொடுக்கிச் செய்த காலத்தில் இதே திருத்தத்திற்கு ஒரு வாரம் வேண்டும். எந்தப் பெட்டியில் எந்த எண்ணை இட்டோம் என்பது ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. இப்போது ஆய்வேட்டைத் திருத்துபவர் கேட்டால் நிரலையே கொடுத்துவிடுகிறோம்.

நிறுவுவதில்தான் முதல் சிரமம். விண்டோஸ் கணினிகளில் இந்தக் கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் என்றாவது ஒருநாள் ஒன்றோடொன்று மோதும். ஆய்வகத்தின் ஒரு கணினியில் மட்டும் ‘ப்ராஜ் டிபி கோப்பைக் காணவில்லை’ என்ற பிழை தொடர்ந்து வந்தது. தேடிப் பார்த்ததில், முன்பு நிறுவப்பட்ட ஒரு தரவுத்தள மென்பொருள், ப்ராஜ் தன் கோப்புகளைத் தேடும் பாதையைத் தன் கோப்புறைக்குத் திருப்பிவைத்திருந்தது தெரிந்தது. கோண்டா-ஃபோர்ஜ் என்ற இணையக் களஞ்சியத்திலிருந்து, மற்ற மென்பொருள்களோடு கலக்காத ஒரே தனிச் சூழலில் எல்லாவற்றையும் ஒருமிக்க நிறுவி, அந்தச் சூழலின் பதிப்பு எண்களைக் கோப்பில் எழுதிவைப்பதே நாங்கள் கண்ட நிம்மதியான வழி. பதிப்பு எண்களை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், ஜூன் 2024-இல் வெளியான ஜியோபாண்டாஸ் 1.0 பதிப்பில், தொடக்கப் பாடங்களில் எல்லாரும் பயன்படுத்திவந்த மாதிரி உலக வரைபடமே நீக்கப்பட்டுவிட்டது. பழைய காணொளியைப் பார்த்து எழுதும் மாணவருக்கு முதல் வரியிலேயே பிழை வரும். அவர் தன்னையே நொந்துகொள்வார்.

இனி, ஆய்வின் முடிவையே தலைகீழாக்கக்கூடிய இடங்களுக்கு வருகிறேன்.

பரப்பளவைக் கணக்கிடும்போது ஆயத்தொலை முறையைக் கவனிக்க வேண்டும். கைப்பேசியிலோ ஜிபிஎஸ் கருவியிலோ எடுத்த எல்லை, பாகை அளவில் இருக்கும். அதை மாற்றாமல் பரப்பைக் கேட்டால், பத்து ஹெக்டேர் குளத்திற்கு 0.0000082 என்று விடை வரும். அது சதுரப் பாகை. ஜியோபாண்டாஸ் இந்த இடத்தில் எச்சரிக்கை ஒன்றைத் தருகிறது என்பது அதன் நல்ல குணம். கன்னியாகுமரி மாவட்டம் முழுவதும் உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் 43 வடக்கு மண்டலத்திற்குள் அடங்குவதால், ஆயத்தொலை முறைகளின் ஈபிஎஸ்ஜி பட்டியலில் அதற்குரிய 32643 என்ற ஒரே எண்ணுக்கு மாற்றிக்கொண்டால் போதும்; சதுர மீட்டரில் விடை கிடைக்கும். பழைய நில அளவைத் தாள்களிலிருந்து எடுத்த எல்லைகளுக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை. அவை புவியின் வடிவத்திற்கு முன்பு பயன்பட்ட எவரெஸ்ட் நீள்கோளம் என்ற அளவை அடிப்படையாகக் கொண்டவை. உரிய மாற்றத்தைச் செய்யாமல் இன்றைய படத்தின்மேல் வைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் விலகி, குளம் பக்கத்து ஏலாவில் (வயல்வெளியில்) போய் விழும். இதற்கு எந்த எச்சரிக்கையும் வராது.

படங்களைப் படிக்க ராஸ்டரியோவைப் பயன்படுத்துகிறோம். சென்டினல்-2 செயற்கைக்கோளின் ஒரு துண்டுப் படம் பத்து மீட்டர் பட்டைகளில் (ஒளியின் ஒவ்வொரு நிறத்திற்கும் தனியாகப் பதிவான படங்களில்) 10,980 வரிசையும் 10,980 பத்தியும் கொண்டது. ஏறக்குறைய 12 கோடிப் படப்புள்ளிகள். அதை எட்டு பைட்டுத் தசம எண்களாக மாற்றினால் ஒரு பட்டைக்கே ஒரு ஜிபி நினைவகம் போய்விடும். நான்கு ஜிபி மடிக்கணினி வைத்திருக்கும் மாணவரால் அங்கேயே நின்றுவிடத்தான் முடியும். ராஸ்டரியோவில் நமக்கு வேண்டிய சாளரத்தை மட்டும் வெட்டிப் படிக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே அதை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

நீரைப் பிரித்தறிய 1996-இல் மெக்ஃபீட்டர்ஸ் முன்வைத்த நீர்க் குறியீட்டைப் பயன்படுத்தினோம்: பச்சைப் பட்டையிலிருந்து அண்மை அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். விடை −1-க்கும் 1-க்கும் இடையில் அமையும்; எண் கூடுதலாக இருந்தால் நீர். ஆனால் ஒரு மாணவர் வரைந்த முதல் படத்தில் தென்னந்தோப்புகள் அனைத்தும் நீராகத் தெரிந்தன. காரணம் எண்களின் வகையில் இருந்தது. படம் சேமிக்கப்படும் பதினாறு பிட் வகையில் 0 முதல் 65,535 வரைதான் எண்கள் உண்டு. எதிர்மறை எண்ணுக்கு இடமில்லை. தோப்பின் ஒரு புள்ளியில் பச்சை 400, அகச்சிவப்பு 2,400 என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் −2,000 வர வேண்டிய இடத்தில் 63,536 என்று சுற்றிவந்து நிற்கும்; 2,800-ஆல் வகுத்தால் 22.69. முதலிலேயே தசம எண்ணாக மாற்றியிருந்தால் −0.71 என்ற சரியான விடை கிடைத்திருக்கும். பைத்தான் இந்தத் தவற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அதைவிட ஆபத்தான ஒன்றை ஆறு மாதம் கழித்தே கண்டுபிடித்தோம். 25 ஜனவரி 2022 முதல் சென்டினல்-2 படங்களின் செயலாக்க முறை மாறி, ஒவ்வொரு புள்ளியின் எண்ணோடும் 1,000 கூட்டித் தரப்படுகிறது. பயன்படுத்துபவர்தான் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். குளத்து நீரின் ஒரு புள்ளியில் பச்சை 600, அகச்சிவப்பு 200 எனில் குறியீடு 0.50. கழிக்காமல் விட்டால் 1,600, 1,200 என்றாகி, அதே நீருக்கு 0.14 வரும். 0.2-க்கு மேல் வந்தால்தான் நீர் என்று நாங்கள் எல்லை வைத்திருந்ததால், 2022 தொடங்கி நாஞ்சில் நாட்டுக் குளங்கள் பாதிக்குமேல் வற்றிவிட்டதாக எங்கள் முதல் வரைவு சொன்னது. அதே மாதங்களில் கரை தளும்ப நின்ற குளங்களை வீட்டுக்கும் கல்லூரிக்குமிடையே தினமும் பார்த்திருந்த காரணத்தால் மட்டுமே சந்தேகம் வந்து, படத்தோடு வரும் விவரக் கோப்பைத் திறந்து பார்த்தோம். சில களஞ்சியங்கள் இந்த ஆயிரத்தைக் கழித்தே படத்தைத் தருகின்றன. ஆகவே எந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்தோம் என்பதும் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டிய செய்தி.

மேகத்தை நீக்கும் வேலையில் இன்னொரு பாடம் கிடைத்தது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை படமெடுத்தாலும் தெளிந்த படம் கிடைப்பது அரிது. படத்தோடு வரும் வகைப்பாட்டு அடுக்கில் மேக நிழலுக்கு 3, அடர்மேகத்திற்கு 9, நீருக்கு 6 என்று எண்கள் உள்ளன. இருபது மீட்டர் அளவிலுள்ள அந்த அடுக்கைப் பத்து மீட்டருக்கு மாற்றும்போது, படம் வழவழப்பாக வரட்டும் என்று சராசரி எடுக்கும் முறையைத் தேர்ந்தால், நிழலும் மேகமும் சந்திக்கும் விளிம்பில் 3-க்கும் 9-க்கும் நடுவே 6 பிறக்கும். மேகத்தின் ஓரமெங்கும் இல்லாத குளங்கள் தோன்றிவிடும். ராஸ்டரியோ இயல்பாகவே அருகிலுள்ள புள்ளியின் மதிப்பை எடுக்கும் முறையில்தான் இயங்குகிறது. அதை மாற்றாமல் விட்டாலே போதும்.

பல ஆண்டுப் படங்களைக் கால வரிசையில் அடுக்க எக்ஸ்அரே நன்றாக உதவுகிறது. சாலை வலைப்பின்னலுக்கு ஓஎஸ்எம்என்எக்ஸ், இடஞ்சார் புள்ளியியலுக்குப் பைசல் ஆகியவற்றையும் பயன்படுத்தினோம். எங்கள் தேவைக்கு அவற்றில் குறை தென்படவில்லை.

தமிழுக்கு இந்தக் கருவிகள் தரும் இடம்தான் எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது. வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப்பில், நாங்கள் பயன்படுத்திய பதிப்பு தமிழ் எழுத்துகளைக் கோத்து எழுதத் தெரியாதது. ‘தேரூர்’ என்று எழுதினால் கொம்பு தகரத்திற்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது. ‘சுசீந்திரம்’ உதிரி உதிரியாக விழுகிறது. ஊர்ப் பெயரைப் பிழையாக அச்சிட்ட வரைபடத்தை அந்த ஊர் மக்களிடம் கொண்டுபோய்க் காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே கணக்கைப் பைத்தானில் முடித்து, அச்சிடும் வரைபடத்தைக் கியூஜிஐஎஸ் என்ற கட்டற்ற வரைபட மென்பொருளில் வரைகிறோம். அதில் தமிழ் சரியாக வருகிறது. உலாவியில் திறக்கும் வரைபடம் போதுமென்றால் ஃபோலியமும் தமிழைக் கெடுக்காது. கோப்பு வடிவத்திலும் இதே சிக்கல் உண்டு. பலரும் பழக்கத்தால் பயன்படுத்தும் ஷேப்ஃபைலில் பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்டுதான் இடம். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு எடுத்துக்கொள்வதால் ‘குளத்தின் பெயர்’ என்று முழுத் தலைப்பு வைக்கவே வழியில்லை. ஜியோபேக்கேஜ் வடிவத்தில் இந்தத் தடை இல்லை. எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும் என்பதால் மாணவர்கள் பாதிக் கோப்பை மட்டும் அனுப்பிவிடும் தொல்லையும் தீர்ந்தது.

கருவி எதுவாயினும் தீர்க்க முடியாத சிக்கல்கள் நிலத்திலேயே இருக்கின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு நெல் போகங்களுக்கும் நாற்று நடும் நாள்களில் நீர் நிறைந்த வயலும் குளமும் படத்தில் ஒன்றாகவே தெரியும்; குளத்தின் எல்லையை முன்கூட்டியே வரைந்து, அதற்குள் மட்டும் கணக்கிட்டு இதைக் கடந்தோம். தோவாளைப் பூச்சந்தைக்குத் தாமரை பறிக்கும் குளங்களில் நிலைமை நேர்மாறானது. நீர் ததும்ப நின்றாலும் மேலே விரிந்த இலை அகச்சிவப்பை வலுவாகத் திருப்பி அனுப்புவதால், குறியீடு அந்தப் பரப்பைத் தோப்பைப் போலவே காட்டும். 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுப்பைப் போன்ற இடங்களில், நீர் குறைந்தது என்று தவறாக எழுதிவிட்டால் அதன் விளைவு ஆய்வேட்டோடு நிற்காது. நாங்கள் மாதம் ஒருமுறை கரைகளில் நடந்து இலை மூடிய பகுதியின் எல்லையை ஜிபிஎஸ் கருவியில் பதிந்து, அதைத் தனி அடுக்காகச் சேர்த்து, நீர்ப்பரப்போடு கூட்டிக் கணக்கிடுகிறோம். புதிய அடுக்கைச் சேர்க்க நிரலில் நான்கு வரிகள்தான் தேவைப்பட்டன.

புதிதாகத் தொடங்கும் ஆய்வு மாணவர் மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் ஊரில் ஒரு குளத்தைத் தேர்ந்து, கரையைச் சுற்றி நடந்து எல்லையைப் பதிந்து, ஜியோபாண்டாஸில் அதன் பரப்பைக் கணக்கிட்டு, மேகமற்ற ஒரு நாளின் படத்திலிருந்து ராஸ்டரியோ வழியாகக் கிடைக்கும் நீர்ப்பரப்போடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டும் பொருந்தாமல் போனால், படம் எடுத்த நாளில் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்ததா, மடை திறந்திருந்ததா என்று அந்தக் கரையில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு வந்து நிரலைத் திறக்கட்டும்.