சுருதி கலையாத பிரிட்ஜ்: எவர்ட்யூனுடன் நான்கு வருடம்

என் சித்தி வீணை வாசிப்பவர். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது என் எலக்ட்ரிக் கிட்டாரை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, மூன்றாம் கம்பியை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பக்கவாட்டில் இழுத்தார். வீணையில் கமகம் பிடிக்கும் அதே இழுப்பு. கம்பி நகர்ந்தது, சுரம் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். அப்போதும் இல்லை. "என்னடா இது, இழுத்தா சுரம் ஏற மாட்டேங்குது! கம்பி செத்துப்போச்சா?" என்றார்.

கம்பி நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு முந்தின நாள் ஒரு ரிதம் ரெக்கார்டிங்குக்காக ஆறு கம்பிகளையும் அப்படி வைத்திருந்தேன், மாற்ற மறந்துவிட்டேன். கம்பிகளைக் கிட்டார் உடலில் தாங்கி நிற்கும் இந்த எவர்ட்யூன் பிரிட்ஜைப் பற்றி எத்தனையோ கிட்டாரிஸ்டுகள் எத்தனையோ விதமாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். ஆனால் விஷயத்தின் நடுப்புள்ளியைத் தொட்டது சித்தி கேட்ட அந்தக் கேள்விதான்.

எவர்ட்யூன் என்பது காஸ்மோஸ் லைல்ஸ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த பிரிட்ஜ். பேட்டரி கிடையாது, மோட்டார் கிடையாது. 2007இல் கிப்சன் கொண்டுவந்த ரோபோ கிட்டார் மோட்டாரால் டியூனர்களை (கம்பியை முறுக்கும் பிரடைகளை) திருப்பிச் சுருதி சேர்த்தது. இது அந்த வழியில் போகவில்லை. ஒவ்வொரு கம்பிக்கும் தனியாக ஒரு ஸ்பிரிங்கும் நெம்புகோலும் உண்டு, கம்பி உட்காரும் சாடில் அந்த ஸ்பிரிங்கின் பிடியில் முன்னும் பின்னும் நகரும். கம்பி தளர்ந்தால் ஸ்பிரிங் சாடிலைப் பின்னுக்கு இழுத்து இறுக்கும். கம்பி இறுகினால் சாடில் முன்னால் போய் விட்டுக்கொடுக்கும். இழுவிசை மாறாவிட்டால் சுருதியும் மாறாது.

டியூனரைத் திருப்பிப் பார்த்தால் இது கையிலேயே தெரியும். தளர்ந்த கம்பியை இறுக்கிக்கொண்டே வாருங்கள். முதலில் சாதாரண கிட்டார் மாதிரி சுருதி ஏறும். ஒரு கட்டத்தில் ஏறுவது நின்றுவிடும், டியூனர் சுற்றும், சுரம் அப்படியே இருக்கும். இன்னும் சுற்றினால் சாடில் முன்பக்கம் முட்டி நிற்கும், சுருதி மறுபடி ஏற ஆரம்பிக்கும். இந்த மூன்றையும் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் மண்டலம் என்கிறார்கள். என்ன சுரத்தில் நிற்க வேண்டும் என்பதை பிரிட்ஜில் உள்ள திருகில் அலன் கீ (அறுகோணச் சாவி) போட்டு முடிவு செய்கிறோம். டியூனரின் வேலை எந்த மண்டலத்தில், எந்த இடத்தில் நிற்பது என்பதைத் தீர்மானிப்பது மட்டும்.

சித்தி இழுத்தபோது கம்பி இரண்டாம் மண்டலத்தின் நடுவில் இருந்தது. ஒரு முழுச் சுரம் ஏற பெண்ட் செய்தால் (கம்பியை இழுத்துச் சுரம் ஏற்றினால்) கம்பியின் இழுவிசை சுமார் 26 சதவீதம் கூட வேண்டும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போவதால் வரும் கணக்கு அது. இந்தப் பிரிட்ஜோ அந்தக் கூடுதல் இழுவிசையை வரவிடாமல் தடுப்பதற்காகவே செய்யப்பட்டது. சுருதி கலைவதும் கமகமும் அதற்கு ஒன்றுதான். வித்தியாசத்தை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நான் இதை வாங்கிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு சின்ன அறையில், மெட்டல் இசைக்குழுக்களுக்கு ரிதம் கிட்டார் பதிவு செய்கிறேன். ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டை) இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு தடவை வாசிக்க வேண்டும், சில பாட்டுக்கு நான்கு தடவை. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரில் சில சென்ட் வித்தியாசம் இருந்தாலே போதும், ஒலி தேம்பும். (100 சென்ட் என்பது பக்கத்துப் பக்கத்து ஃப்ரெட்டுக்கு இடையிலான தூரம்.) பழைய கிட்டாரில் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் டியூன் செய்வேன். ஏசி ஓடும் அறை, கதவைத் திறந்தால் கடற்கரைக் காற்றின் ஈரம். கம்பியும் நெக்கும் ஓய்வாக இருந்ததே இல்லை. ஒரு நாள் பதிவில் பாதி சுருதி காட்டும் மீட்டரைப் பார்ப்பதிலேயே போகும்.

நான்கு வருடத்துக்கு முன், தொழிற்சாலையிலேயே இந்தப் பிரிட்ஜ் பொருத்தி வந்த ஒரு கிட்டாரை ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கினேன். கைக்கு வந்தபோது ஏனோ எல்லாக் கம்பியும் மூன்றாம் மண்டலத்தில் இறுகிக் கிடந்தது. அதாவது சாதாரண பிரிட்ஜ் மாதிரிதான் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது புரிய ஒரு வாரம் ஆனது. இதைச் சொல்லக் காரணம் உண்டு: "வாங்கினேன், ஒன்றும் பிரயோஜனம் இல்லை" என்று என்னிடம் சொன்ன இரண்டு பேரின் கிட்டாரையும் வாங்கிப் பார்த்தேன், இரண்டிலும் இதே கதை.

சரியாக வைத்த பிறகு நடந்தது வேறு. ரெக்கார்டிங்கில் இது கொடுக்கும் நிம்மதியை மிகைப்படுத்த எனக்குத் தயக்கமே இல்லை. மூன்று வாரம் கழித்து ஒரு பாட்டில் நாலு பார் (தாளச் சுற்று) மட்டும் திருத்த வேண்டும் என்று கேட்டார்கள். கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வாசித்தேன், பழைய டேக்கோடு ஒட்டிக்கொண்டது. தடித்த கம்பியை ஓங்கி அடித்தால் முதல் கணத்தில் சுருதி மேலே துள்ளிவிட்டுக் கீழே வரும், கீழ்ச் சுருதியில் வாசிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். அதுவும் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் கலையாமல் நிற்கும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஸ்பிரிங் தனி. ஃபிளாய்ட் ரோஸ் மாதிரி மிதக்கும் பிரிட்ஜில் மேடையில் கம்பி அறுத்துக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இப்போது மற்றவர்கள் சொன்னதற்கு வருகிறேன். என் அறைக்கு வரும் இளைஞர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் அரை மணி நேரத்தில் மயங்கிவிடுவார்கள். "ப்ரோ, டியூனரைத் திருப்பறேன், ஒண்ணுமே ஆகலையே" என்று திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்ப்பார்கள். லீட் (தனி மெட்டு) வாசிப்பவர்கள் ஐந்து நிமிடத்தில் முகம் சுளிப்பார்கள், கை பழகிய அளவு இழுத்தால் பழகிய சுரம் வராது. ப்ளூஸ் வாசிக்கும் நண்பர் ஒருவர் கிட்டாரைத் திருப்பித் தந்துவிட்டு, "இது நான் சொல்றதைக் கேக்கலை" என்றார். அவர் கோபம் நியாயமானது. ப்ளூஸில் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில்தான் வாழ்க்கை.

சினிமா ரெக்கார்டிங்கில் நீண்ட காலம் வாசித்த மூத்தவர் ஒருவர், நான் சார் என்று அழைப்பவர், வேறொன்றைச் சொன்னார். உடலில் இவ்வளவு மரத்தைக் குடைந்து எடுத்துவிட்டு இரும்பை வைத்தால் கிட்டார் கிட்டாராக இருக்குமா என்பது அவர் கேள்வி. பிரிட்ஜுக்காக உடலில் பெரிய பள்ளம் எடுக்க வேண்டியிருப்பது உண்மைதான், பின்பக்கம் மூடித் தகடே இருக்கிறது. ஆம்ப் இல்லாமல் வாசித்தால் என் மற்றக் கிட்டாரைவிட இது சன்னமாக ஒலிப்பதாக எனக்கும் படுகிறது. டிஸ்டார்ஷனில் அந்த வித்தியாசம் எனக்குக் கேட்கவில்லை. டிஸ்டார்ஷன் இல்லாத சுத்தமான ஒலியில் கார்வை விட்டு நிற்கும் சுரங்களுக்கு நான் பழையதைத்தான் எடுக்கிறேன். சாரிடம் இதைச் சொன்னேன். "அப்புறம் எதுக்கு வாதாடறே?" என்றார். நான் வாதாடவில்லை, இரண்டு கிட்டார் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பெண்ட் விஷயத்துக்குத் திரும்ப வருவோம், ஏனென்றால் இதில்தான் எனக்கு அதிக நாள் போனது. வழி இருக்கிறது. இரண்டாம் மண்டலமும் மூன்றாம் மண்டலமும் சந்திக்கும் விளிம்பில் கம்பியை நிறுத்த வேண்டும். சாடில் முன்பக்கம் முட்டியும் முட்டாமலும் நிற்கும் இடம் அது. அங்கே கம்பியை இழுத்தால் சாடிலுக்கு முன்னே போக இடமில்லை, சுரம் உடனே ஏறும். கம்பி தளர்ந்தால் மட்டும் ஸ்பிரிங் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்யும். டியூனரை மெதுவாகத் திருப்பி, சுருதி ஏறத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, மயிரிழை பின்வாங்கினால் விளிம்பு கிடைக்கும்.

ஆனால் விளிம்பில் காவல் ஒரு பக்கம்தான். சுருதி இறங்குவதைத் தடுக்கும், ஏறுவதைத் தடுக்காது. இதை ஒரு மேடையில் கற்றுக்கொண்டேன். மே மாத மதியம், வெளியே வெயிலில் நின்றபடி மேல் (மெல்லிய) மூன்று கம்பிகளையும் அழகாக விளிம்பில் வைத்தேன். உள்ளே அரங்கில் ஏசி குளிர். குளிரில் உலோகக் கம்பி சுருங்கி இறுகியது, மூன்றும் விளிம்பைத் தாண்டி ஏறிவிட்டன. கீழ் (தடித்த) மூன்று கம்பிகள் நடு மண்டலத்தில் அசையாமல் நிற்க, மேல் மூன்றும் தனியாகச் சுருதி ஏறி ஒலித்தன. முதல் பாட்டு முழுக்க அப்படியே போனது. அன்றிலிருந்து எங்கே வாசிக்கப் போகிறேனோ அந்தக் குளிரில் கால் மணி நேரம் கிட்டாரை வைத்துவிட்டுத்தான் விளிம்பு பார்க்கிறேன். மேடை விளக்கின் சூட்டில் கம்பி தளர்வதற்குப் பயமே இல்லை, அந்தப் பக்கம் ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த அமைப்பு இதுதான்: ரிஃப் வாசிக்கும் கீழ் மூன்று கம்பிகள் நடு மண்டலத்தில், பெண்டும் வைப்ரேட்டோவும் (சுரத்தை நடுங்க அசைப்பதும்) வரும் மேல் மூன்றும் விளிம்பில்.

கர்நாடக சங்கீதத்தைக் கிட்டாரில் முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃப்ரெட்டுகளின் மேல் விரலை வழுக்கிக்கொண்டு போகும் ஜாரு எந்த மண்டலத்திலும் வரும், அதற்கு இழுவிசை மாற வேண்டியதில்லை. ஆனால் தோடியின் காந்தாரத்தை இழுத்து அசைக்கவும் வேண்டும், பிரிட்ஜின் காவலும் வேண்டும் என்றால் விளிம்பைத் தவிர வேறு இடம் இல்லை. விளிம்பில்கூட, அசைவின் அடித்தொடக்கத்தில் ஒரு மெல்லிய தயக்கம் என் விரலுக்குத் தெரிகிறது. அந்த வேலைக்கு நான் இந்தக் கிட்டாரைப் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொன்று, சுருதி கலையாது என்பதால் எல்லாம் சுத்தமாகக் கேட்கும் என்று நினைக்கக் கூடாது. ஃப்ரெட் கிட்டாரின் அந்தர காந்தாரம் தம்புராவில் கேட்கும் காந்தாரத்தைவிட 14 சென்ட் மேலே இருக்கிறது. அது ஃப்ரெட் போட்ட இடத்தில் உள்ள சமாச்சாரம், எந்தப் பிரிட்ஜும் அதைத் தொட முடியாது.

பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றுபவர்களுக்கும் இது தோதுப்படாது. ஈ (E) சுருதியிலிருந்து டீ (D) சுருதிக்கு இறக்க டியூனரைத் திருப்பினால் போதாது, ஒவ்வொரு திருகிலும் அலன் கீ போட்டு, பிறகு மண்டலம் பார்த்து, எனக்குப் பத்து நிமிடமாவது ஆகிறது. கம்பியின் தடிமனை மாற்றினாலும் அதே வேலை. அதே தடிமனில் புதுக் கம்பி போட்டால் மட்டும் சுகம்: டியூனரை இரண்டாம் மண்டலம் வரை இறுக்கினால் பழைய சுருதி தானாக வந்து நிற்கும்.

உங்களிடம் இருக்கும் நல்ல கிட்டாரைக் குடைந்து இதைப் பொருத்தலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றே சொல்கிறேன். எடுத்த மரம் திரும்ப வராது. ஈஎஸ்பி, எல்டிடி போன்ற கிட்டார் பிராண்டுகள் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்கின்றன, அதில் ஒன்றை முதலில் கடையில் எடுத்து வாசித்துப் பாருங்கள். மூன்றாம் கம்பியை இழுங்கள். சுரம் ஏறவில்லை என்றால் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், டியூனரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே மறுபடி இழுங்கள்.

அன்றைக்குச் சித்திக்கும் அதைத்தான் செய்து காட்டினேன். விளிம்பு வந்ததும் அவர் மறுபடி இழுத்தார், சுரம் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூன்று தடவை அசைத்துப் பார்த்தார். "இப்ப வருது. ஆனா கொஞ்சம் யோசிச்சு வருது" என்றார்.