ஸ்கோப்பா, சிடி ஆஞ்சியோவா: பாப்பாவுக்கு மூச்சுல சத்தம் நிக்கலைன்னா

பெங்களூர்ல அல்சூர் பக்கம் அக்காங்க நிறைய பேர் கேக்கறாங்க, வீசிங்னு சொல்லி மாசக்கணக்கா நெபுலைசர் வச்சும் சத்தம் குறையல, இப்ப டாக்டர் ஸ்கோப்பும் சிடி ஆஞ்சியோவும் (ரத்தக்குழாயைப் படம் எடுக்கற ஸ்கேன்) பேசறாரு, எது நல்லதுன்னு.

ஸ்கோப்னா மூக்கு வழியா போற மெல்லிசான கேமரா ட்யூப். குழந்தை தானா மூச்சு விடும்போதே பாக்கறதால, மூச்சை வெளிய விடறப்ப மூச்சுக்குழாய் சுவர் தொய்ஞ்சு உள்ள அமுங்குதா, அதாவது ட்ரக்கியோமலேசியாவான்னு நேராவே தெரிஞ்சுடும். சாதாரண சிடில அந்த அசைவு சரியா சிக்காது.

ஆனா மகாதமனி, அதாவது இதயத்துலேர்ந்து வர்ற பெரிய ரத்தக்குழாய், ரெண்டா பிரிஞ்சு மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் வளையமா சுத்தி நெரிக்குதுன்னா, ஸ்கோப்ல வெளிலேர்ந்து ஏதோ துடிச்சு அமுக்கறதுதான் தெரியும், எந்த ரத்தக்குழாய் எப்படி சுத்திருக்குன்னு சிடி ஆஞ்சியோ காட்டும், ஆபரேஷன் பண்ற சர்ஜனுக்கு அந்தப் படம்தான் வேணும். ரேடியேஷன் இருக்கு, ஆனா ஸ்கேன் சில செகண்ட்தான். சாப்பாடு முழுங்கவும் திணறுதுன்னா என் ஓட்டு சிடிக்குத்தான், டாக்டர்கிட்ட அதை மறக்காம சொல்லுங்க. உதடு நீலமாச்சுன்னா எந்த டெஸ்ட்டும் யோசிக்காம எமர்ஜென்சிக்கு ஓடுங்க.