கழற்றிப் பார்ப்பதா, யாரென்று கேட்பதா?

‘நான்’ வெறும் தோற்றம் என்பதில் பௌத்தமும் ரமணரும் ஏறக்குறைய ஒரே பக்கம்தான். பிரிவது அதன் பிறகு.

பௌத்தம் கழற்றிப் போடுகிறது. அச்சு தேரா, சக்கரம் தேரா என்று மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்ட கதை தெரிந்ததுதான்: பாகங்களைக் கழற்றினால் தேர் என்று தனியாக ஒன்றும் இல்லை. மனிதனும் அப்படித்தான். உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என ஐந்து கந்தங்களையும், அதாவது மனிதனாகச் சேர்ந்திருக்கும் ஐந்து தொகுதிகளையும், பிரித்து வைத்தால் உள்ளே ஆள் இல்லை.

1896-இல், 16 வயதில், மதுரையில் பிணம்போல் படுத்துப் பார்த்த ரமணர் எதையும் பிரிப்பதில்லை. கோபம் வருகிறதா? யாருக்கு? எனக்கு. அந்த நான் யார்? எரியும் பிணத்தைக் கிளறும் தடிபோல, கடைசியில் அந்தக் கேள்வியும் எரிந்துவிடும். எஞ்சுவது ஆன்மா என்பார் அவர். பௌத்தம் அதையும் ஒப்பாது.

படிக்கும்போது எனக்கு நாகசேனர் பிடிக்கும். கோபம் தலைக்கேறும்போது ஐந்தாகப் பிரிக்க யாருக்குப் பொறுமை? ‘யாருக்கு?’ ஒரே சொல், சட்டென்று வருகிறது.