இலையுதிர்காலத்துக்கு எந்த சென்ட்? கம்பளிக் கோட்டை வைத்து நான் எடுத்த முடிவு

போன வருட இலையுதிர்காலத்துக்கு நான் வாங்கியது டெர் டி எர்மெஸ். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவதெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதோடு போட்டியில் இருந்தவை இரண்டு: விக்டர் அண்ட் ரோல்ஃப் வெளியிட்ட ஸ்பைஸ்பாம் எக்ஸ்ட்ரீம், ஈவ் சான் லோரானின் லா நூயி டி லோம். மூன்றையும் சின்னச் சின்ன சாம்பிள் குப்பிகளாக வாங்கி, செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த பிறகுதான் முழு பாட்டிலுக்குப் பணம் கொடுத்தேன்.

நான் இருப்பது டொரொன்டோவில், ஸ்கார்பரோ பக்கம். இங்கே ஜூலையில் அடித்துக்கொண்டு போன எலுமிச்சை, கடல்காற்று வகை சென்ட்கள் அக்டோபர் வந்ததும் பத்து நிமிடத்தில் காணாமல் போய்விடும். காரணம் எளிது. வாசனை நம் மூக்குக்கு வர வேண்டுமானால் அந்த எண்ணெய் ஆவியாக வேண்டும். காலை 6 டிகிரி குளிரில் எதுவும் மெதுவாகத்தான் ஆவியாகும். எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி லேசான எண்ணெய்கள் மட்டும் அப்போதும் முதலில் பறந்துவிடும், அடியில் கனமாக ஒன்றும் இல்லையென்றால் அப்புறம் வெறும் தோல்தான். அதனால்தான் குளிருக்கு எல்லாரும் மிளகு, பட்டை, மரம், வெனிலா, புகையிலை என்று போகிறார்கள். டியோர் சொவாஜும் ப்ளூ டி ஷனெலும் பன்னிரண்டு மாதமும் ஓடும், நல்ல சென்ட்கள்தான், ஆனால் ஏறுகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் யாராவது ஒருவர் அதைப் போட்டிருப்பதால் நான் அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஸ்பைஸ்பாம் எக்ஸ்ட்ரீம் 2015இல் வந்தது. பாட்டில் கையெறி குண்டு வடிவில் இருக்கும். திறந்ததும் மிளகு ஒரு காரம் கொடுக்கும், பின்னாலேயே பட்டை, அப்புறம் வெனிலாவும் புகையிலையும் சேர்ந்து ஒரு அடர்த்தியான இனிப்பு. இனிப்பு என்றாலும் மிட்டாய் இனிப்பு மாதிரி இல்லை, வெல்லப் பாகு கொஞ்சம் கருகத் தொடங்கும்போது வருமே, அந்த வாசனைக்குப் பக்கத்தில். இரண்டு ஸ்ப்ரே போட்டால் என் தோலில் எட்டு மணி நேரம் தாராளமாக நின்றது. வெளியே இலை கொட்டிக்கொண்டிருக்கும்போது இதைப் போட்டுக்கொண்டு நடப்பது உண்மையிலேயே சுகம். யாராவது இதைத்தான் வாங்குவேன் என்றால் நான் தடுக்க மாட்டேன்.

லா நூயி டி லோம் 2009இல் வந்தது. ஏலக்காய்தான் இதன் உயிர். நம் ஆட்களுக்கு முதல் மூச்சிலேயே பாயசம் ஞாபகம் வரும், பிறகு லாவெண்டரும் மரமும் மெதுவாக அதை மூடும். மூன்றில் மிகவும் அழகானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனால் என்மேல் மூன்றரை, நான்கு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. மாலையில் எங்காவது சாப்பிடப் போகிறீர்கள் என்றால் போதும். காலை ஏழு மணிக்குக் கிளம்பி மாலை ஆறுக்குத் திரும்புகிறவனுக்குப் போதாது.

இனி கோட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் முடிவைத் தீர்மானித்தது அதுதான், சென்ட் வாங்கும்போது யாரும் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை.

வெயில்காலத்தில் சட்டையை ஒரு நாள் போட்டுத் துவைத்துவிடுகிறோம். நேற்று அடித்த சென்ட் இன்றைக்கு இல்லை. இலையுதிர்காலம் வந்ததும் கம்பளிக் கோட், மஃப்ளர். அவற்றை யார் தினமும் துவைக்கிறார்கள்? கோட்டை சீசனுக்கு ஒரு முறை டிரை கிளீனிங் கொடுத்தால் பெரிய விஷயம். கம்பளி வாசனையை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுவும் கழுத்தில் அடித்தது நேராக மஃப்ளரிலும் காலரிலும் ஏறும். திங்கள்கிழமை அடித்ததன் மேல் செவ்வாய், அதன் மேல் புதன். மூன்று வாரத்தில் நீங்கள் போட்டிருப்பது இரண்டு ஸ்ப்ரே அல்ல, முப்பது ஸ்ப்ரேயின் மிச்சம்.

இது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய வருடம் வேறொரு இனிப்பான சென்ட் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம், தப்பு என்னுடையதுதான், நேராக மஃப்ளர்மேலேயே அடித்துக்கொண்டிருந்தேன். அக்டோபர் கடைசியில் மனைவி, “என்னங்க, அலமாரியத் திறந்தா கேக் கடை மாதிரி இருக்கு, என் துணியெல்லாம் அந்த வாசனைதான்” என்றாள். அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் கென்னடி ஸ்டேஷன் போகிற பஸ்ஸில் சன்னல் எல்லாம் மூடி, ஹீட்டரும் போட்டிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து முன்னால் போய் நின்றார். அன்றைக்கு நான் சென்ட்டே போட்டிருக்கவில்லை. அவ்வளவும் கோட்டில் இருந்தது. அந்த முகம் இன்னும் மறக்கவில்லை, ஒருவருக்குத் தலைவலி கொடுத்துவிட்டேன் என்பது மனதைக் குத்தியது.

இங்கே இன்னொன்றும் இருக்கிறது. குளிரில் வெளியே நடக்கும்போது வாசனை அடங்கிக் கிடக்கும், போதவில்லை போல இருக்கிறதே என்று இன்னொரு ஸ்ப்ரே அடிப்போம். 22 டிகிரிக்கு ஹீட்டர் ஓடுகிற அறைக்குள் நுழைந்ததும் அடங்கிக் கிடந்ததெல்லாம் ஒரேயடியாக எழும். கனடாவில் பல மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் வாசனைப் பொருள் போட்டுக்கொண்டு வராதீர்கள் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆஸ்துமாக்காரர்களுக்காக வந்த விதி, நியாயமானது. உங்கள் இடத்தில் அப்படி இருந்தால் வார இறுதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் வாதாட ஒன்றுமில்லை.

அதனால் போன வருடம் சாம்பிள் பார்க்கும்போது ஒரு சோதனை வைத்தேன். பழைய கம்பளி மஃப்ளர் மூன்று எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்ட் ஒதுக்கி, ஒரு வாரம் அதோடு மட்டும் போட்டேன். பிறகு வெவ்வேறு இடத்தில் தொங்கவிட்டு, இரண்டு நாள் கழித்துக் காலையில் வெறும் வயிற்றில் முகர்ந்து பார்த்தேன். லா நூயி மஃப்ளரில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை, லேசாகச் சோப்பு மாதிரி ஏதோ ஒன்று. ஸ்பைஸ்பாம் மஃப்ளரில் மிளகும் பட்டையும் போய் வெனிலா மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது. எனக்குப் பிடித்த காரம் போய்விட்டது, இனிப்பு மட்டும் மிச்சம். இது அந்த ஒரு சென்ட்டின் குறை இல்லை, வெனிலா அடிப்படையில் செய்த எதுவும் துணியில் இப்படித்தான் நிற்கும். டெர் மஃப்ளரிலும் வாசனை இருந்தது, குறைவாக இல்லை. ஆனால் அது காய்ந்த மரம், லேசாக வேர். கம்பளிக்கே இயல்பாக இருக்கும் வாசனை என்று யாராவது சொன்னால் நம்பியிருப்பேன். அதன்மேல் மறுநாள் புதிதாக அடித்தபோதும் இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை.

டெர் டி எர்மெஸை 2006இல் செய்தவர் ஜான் கிளோட் எலெனா, அப்போது எர்மெஸ் நிறுவனத்தின் சொந்த வாசனைக் கலைஞர். கொஞ்சம் பொருள்களை வைத்துக்கொண்டே நிறையச் சொல்பவர் என்று பெயர் எடுத்தவர், இதிலும் அது தெரியும். முதலில் ஆரஞ்சு, பழமாக இல்லாமல் தோலை மடித்துப் பிழிந்தால் கண்ணில் தெறிக்குமே, அந்தச் சாறு. உடனே மிளகு. அதோடு சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டினால் வரும் ஒரு வறண்ட கல்வாசனை. அரை மணி நேரத்தில் தேவதாரு வகை மரமும் வெட்டிவேரும் மேலே வந்துவிடும், மாலை வரை அதுதான்.

வெட்டிவேர் என்றதும் எனக்கு வேறு எதுவும் காதில் விழாது. கடலூர்ப் பக்கம் பிறந்தவன் நான். கடற்கரையோர மணலில் வெட்டிவேர் பயிரிடுகிற ஊர்கள் எங்களுடையவை. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் வெட்டிவர் என்று எழுதுவது நம் சொல்லைத்தான், மண்ணை வெட்டி எடுக்கிற வேர். சித்திரை வெயிலில் மண்பானைத் தண்ணீரில் ஒரு கட்டு வெட்டிவேர் போட்டு வைப்பார் அப்பா. எனக்கு அது குளிர்ச்சியின் வாசனை, முழுக்க முழுக்கக் கோடைகாலம். அதே வேர் மிளகோடும் மரத்தோடும் சேர்ந்து நவம்பர் மாதத்து ஈர இலைகளுக்கு நடுவில் கதகதப்பாகத் தோன்றும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இன்றைக்கு வாசனைத் தொழிலுக்குப் போகிற வெட்டிவேர் எண்ணெயில் பெரும்பங்கு ஹைட்டியில் இருந்து வருகிறது. ஜாவா எண்ணெய் புகைநெடி அதிகம், ஹைட்டி எண்ணெய் சுத்தமாக இருக்கும் என்பார்கள். உத்தரப் பிரதேசத்தின் அத்தர் ஊரான கன்னோஜில் வடிக்கிற வெட்டிவேர் அத்தரும் என்னிடம் ஒரு சின்னக் குப்பி இருக்கிறது. இந்தக் குளிரில் இரண்டு முறைதான் போட்டிருக்கிறேன், இரண்டு முறையும் ஈர மண்ணாக, கனமாகப் பட்டது. அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன்.

டெர்மேல் குறை இல்லாமல் இல்லை. முதல் பதினைந்து நிமிடம் ஆரஞ்சு கொஞ்சம் கூர்மையாக இருக்கும், சிலருக்கு அது வியர்வையை ஞாபகப்படுத்துகிறதாம். இருபது, இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இது அப்பா வாசனையாகத் தோன்றலாம். இன்னொன்று முக்கியம்: இதில் ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கை மரவாசனைப் பொருள் நிறைய இருக்கிறது, அது சிலர் மூக்குக்குச் சரியாக எட்டாது, எட்டுகிறவர்களுக்கும் கொஞ்ச நேரத்தில் பழகி மறைந்துவிடும். உங்களுக்குத் தெரியவில்லை என்பதற்காக மற்றவர்களுக்கும் தெரியவில்லை என்று நினைத்து மறுபடி அடிக்காதீர்கள். அப்புறம், ஜனவரியில் மைனஸ் 15க்குப் போகும்போது இது மெலிந்துவிடுகிறது. அந்த ஆறு வாரத்துக்கு ஸ்பைஸ்பாம் கட்டாயம் மேல், அதை ஒத்துக்கொள்கிறேன்.

டெர்ரிலேயே பார்ஃபம் என்ற அடர்த்தியான வகை உண்டு, 2018இல் வந்த ஓ அன்டான்ஸ் வெட்டிவர் என்ற வகையும் உண்டு. இரண்டாவதை எலெனாவுக்குப் பின் வந்த கிறிஸ்டீன் நாஜெல் செய்தார். பார்ஃபமை ஒரே ஒரு நாள் போட்டேன், ஆரஞ்சு அடங்கி மரம் முன்னால் வருவதாகப் பட்டது, ஒரு நாள் அனுபவம் மட்டுமே. வெட்டிவர் வகையை கடையில் சென்ட் அடித்துத் தருகிற காகித அட்டையில் முகர்ந்ததோடு சரி. நான் இங்கே சொல்வதெல்லாம் சாதாரண ஓ டி டாய்லெட் (பார்ஃபமைவிட அடர்த்தி குறைந்த வகை) பற்றி.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கடை அட்டையை நம்பி முடிவெடுக்காதீர்கள், கடைக்குள் வெப்பம் எப்போதும் ஒரே மாதிரி. இரண்டு மில்லி சாம்பிள் வாங்குங்கள். வெளியே 10 டிகிரிக்குக் கீழே இருக்கிற ஒரு நாளில், குளித்ததும் வாசனையில்லாத லோஷன் தடவி (ஹீட்டர் காற்றில் தோல் காய்ந்து கிடக்கும், காய்ந்த தோலில் எதுவும் நிற்காது, தேங்காயெண்ணெய் வேண்டாம், அதற்கே ஒரு வாசனை உண்டு), சட்டைக்கு உள்ளே நெஞ்சில் ஒரு ஸ்ப்ரே அடியுங்கள். கழுத்தை விட்டுவிடுங்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில், ரயிலில், வழக்கமாகப் போகிற இடமெல்லாம் போய் வாருங்கள். இரவு கோட்டைத் தனியாகத் தொங்கவிட்டு, காலையில் காபிக்கு முன்னால் காலரை முகர்ந்து பாருங்கள். முடிந்தால் வீட்டில் இன்னொருவர் மூக்கையும் கேளுங்கள். என் வீட்டில் இந்த முறை அலமாரியைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை, பாட்டிலில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது, இந்த நவம்பரை அதிலேயே ஓட்டிவிடுவேன்.