ரெண்டே பெடல், ஆனால் கிளட்ச் உள்ளேதான் இருக்கிறது: ஏஎம்டி காரில் 4 வருடம், 46,000 கிலோமீட்டர்

என் வண்டி ஏஎம்டி, அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் கியர் தானாக மாறுகிற வகை. போன மாதம் அதற்கு கிளட்ச் மாற்றினேன். அதே வாரம் ஈரோட்டிலிருந்து சித்தப்பா பையன் போன் பண்ணினான். "அண்ணா, செகண்ட்ஸ்ல ஒரு ஏஎம்டி வண்டி பாத்து வெச்சிருக்கறனுங்ணா. நீங்க நாலு வருசமா ஓட்டறீங்களே, எடுக்கலாமுங்ளா?" பில் அப்போது சட்டைப்பையிலேயே இருந்தது. அந்தக் கடுப்பில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடக் கூடாது என்று, "ரெண்டு நாள் பொறு கண்ணு, எழுதியே அனுப்பறேன்" என்றேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுவிட்டது. மலையில் ஏஎம்டி ஓட்டுகிற எல்லோருக்கும் ஆகும் என்பதால் பொதுவாகவே வைக்கிறேன்.

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி பெயர் வேண்டாம், நான் சொல்லப்போவது எந்த ஏஎம்டிக்கும் பொருந்தும். வீடு பொள்ளாச்சி, வேலை வால்பாறை. திங்கள் விடிகாலை ஏறினால் வெள்ளி சாயங்காலம் இறங்குவேன். போக 64 கிலோமீட்டர். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டிவிட்டால் 40 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய 3,500 அடி உயரம்.

ஏஎம்டி எடுத்ததற்குக் காரணம் என் இடது முழங்கால். ஜவ்வு கிழிந்து சரியான கால்தான், ஆனால் பழைய மேனுவல் வண்டியில் ஒவ்வொரு வளைவிலும் கிளட்ச் மிதித்து, வால்பாறை போய் இறங்கும்போது படி ஏற முடியாது. இந்த வண்டியில் முதல் தடவை மேலே போய் இறங்கிய அன்று கால் இருப்பதே தெரியவில்லை. அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் மறக்கவில்லை. மேனுவலைவிடக் கூடக் கொடுத்த 50,000 ரூபாய் அந்த ஒரு காலைக்கே சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன்.

போன மே மாதம், சீசன் கூட்டம். ஒன்பதாவது வளைவில் காட்சிமுனை இருக்கிறது, ஆழியாறு அணை முழுக்கத் தெரியும். வரையாடு ரோட்டோரம் நின்றால் போதும், சுற்றுலா வண்டிகள் நடுரோட்டிலேயே நின்றுவிடும். அன்றும் அப்படித்தான். எனக்கு முன்னால் ஏழெட்டு வண்டி, மேலிருந்து ஒரு பஸ் இறங்கி வருகிறது. குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், சாலை விதி அது. ஆனால் அவ்வளவு பெரிய பஸ்ஸை அந்த வளைவில் யார் பின்னால் எடுக்கச் சொல்வது? நாங்கள் எல்லோரும் அங்குலம் அங்குலமாக நகர்ந்து ஒதுங்கினோம். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பின்னால் உருளும். பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு வேன். அதனால் ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தியபடியே வண்டியை மேட்டில் நிறுத்திப் பிடித்தேன். பத்து நிமிடம் இருக்கும். கருகல் வாடை ஒன்று ஏசி வழியாக உள்ளே வந்தது. காகிதமும் ரப்பரும் சேர்ந்து எரிந்த மாதிரி. முன்னால் போகிற வண்டியின் பிரேக் என்று நினைத்து ஏசியில் உள்காற்று பட்டனை அமுக்கினேன். அது என் வண்டிதான்.

அதற்குப் பிறகு மேட்டில் கிளம்பும்போது வண்டி உதற ஆரம்பித்தது. சர்வீஸ் சென்டரில் சொன்னேன். "ஏஎம்டின்னா அப்படித்தான் சார், நார்மல்" என்று கழுவித் துடைத்து அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் கழித்து, முப்பதாவது வளைவு தாண்டி ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறேன், ஆர்பிஎம் முள் 4,000-க்கு எகிறுகிறது, வண்டி நடந்து போகிற வேகத்தில்கூடப் போகவில்லை. பனிமூட்டம் வேறு. முக்கோண பிரதிபலிப்பானைப் பின்னால் வைத்துவிட்டு, டயருக்குக் கல் கொடுத்து, ரெண்டு மணி நேரம் அங்கேயே இருந்தேன்.

பொள்ளாச்சியில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம்தான் கடைசியில் கொண்டுபோனேன். கியர்பாக்ஸை இறக்கி, இன்ஜினையும் கியரையும் உரசிப் பிடித்து இணைக்கிற கிளட்ச் பிளேட்டை ஒரு பழைய பேப்பர் மேல் வைத்து என்னைக் கூப்பிட்டார். இரண்டு பக்கமும் தேய்ந்து ரிவெட் தலை வெளியே தெரிந்தது. அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டில் அங்கங்கே மயில்கழுத்து நிறத்தில் நீலத் திட்டு. "இது சூட்டுல வந்த நெறமுங்க" என்றார். உள்ளே கையை விட்டு எடுத்துக் காட்டினார், உள்ளங்கை நிறைய அடுப்புக்கரி மாதிரி கறுப்புத் தூள். அப்புறம் கேட்டார்: "ஏனுங்ணா, மேட்டுல வண்டிய பிரேக்ல நிறுத்துவீங்ளா, ஆக்ஸிலேட்டர்லயா?"

அந்த ஒரு கேள்வியை நாலு வருடத்தில் யாருமே என்னிடம் கேட்டதில்லை. வண்டி விற்றவர் கேட்கவில்லை, டெலிவரி அன்று பூமாலை போட்டு போட்டோ எடுத்தவர்கள் கேட்கவில்லை, ஆறு சர்வீஸிலும் ஒருவர் கேட்கவில்லை. "ஆட்டோமேட்டிக் சார், ஸ்கூட்டர் மாதிரி, முறுக்கினா போகும்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஏஎம்டி அந்த மாதிரி ஆட்டோமேட்டிக் இல்லை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், சாதாரண ஒற்றை கிளட்ச் பிளேட். நம் காலும் கையும் செய்கிற வேலையை ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது, அவ்வளவுதான். 2014-இல் மாருதி செலேரியோவில் வந்தபோது இந்தத் தொழில்நுட்பம் நம் ஊரில் இவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணமே அதுதான். டார்க் கன்வெர்ட்டர் வைத்த விலையுயர்ந்த ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் சுழலும், மேட்டில் கொஞ்ச நேரம் நின்றாலும் தேய எதுவும் இல்லை. நம் வண்டியில் ஆக்ஸிலேட்டரால் மேட்டில் நிறுத்திப் பிடிக்கிற ஒவ்வொரு நொடியும் பிளேட் வழுக்கித் தேய்கிறது. பிரேக்கை மிதித்திருந்தால் கிளட்ச் முழுசாக விலகி நிற்கும், தேய்மானம் இல்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் வேறு. மேனுவல் வண்டியில் கிளட்ச் தேயத் தேய இடது காலுக்கே தெரிந்துவிடும். பெடல் மேலே வந்து பிடிக்கும், அழுத்தம் மாறும். கால் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவிடும். இதில் பிளேட் தேய்ந்தால் கம்ப்யூட்டர் புதிதாகப் பிடிக்கிற இடத்தைக் கற்றுக்கொண்டு தானே சரிசெய்துகொள்கிறது. ஓட்டுகிறவன் காலுக்கு ஒன்றும் தெரியாது, உதறல் தொடங்குகிற வரைக்கும் எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரியே இருக்கும். கால் சொல்லிக்கொண்டிருந்த சேதியை மூக்கும் ஆர்பிஎம் முள்ளும்தான் இனி சொல்ல வேண்டும். இதை வண்டி கொடுக்கும்போதே ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டாமா?

நியாயமாகச் சொன்னால், கையேட்டில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து தேடினேன். சரிவில் ஆக்ஸிலேட்டரால் நிறுத்தாதீர்கள், ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்துங்கள் என்று ரெண்டு வரி, பொடி எழுத்து ஆங்கிலத்தில். நான் படிக்கவில்லை, அது என் தப்பு. ஆனால் பிளேட்டின் விலைக்கும் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றும் கூலிக்கும் புது பிளேட்டைக் கருவி வைத்துக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்துவதற்கும் சேர்த்து 16,400 ரூபாய் கொடுத்தபோது, அந்த ரெண்டு வரியை வாயால் சொல்ல ஆளில்லையே என்றுதான் வயிறு எரிந்தது.

இப்போது ஓட்டும் விதம் மாறிவிட்டது. மேட்டில் நின்றால் ஹேண்ட்பிரேக். கிளம்பும்போது ஆக்ஸிலேட்டரை மெல்லக் கொடுத்து, வண்டி முன்னால் இழுக்கிறது என்று தெரிந்த பிறகு ஹேண்ட்பிரேக்கை விடுகிறேன். உருளவும் இல்லை, கருகவும் இல்லை. நெரிசலில் முன் வண்டியோடு சேர்ந்து அடி அடியாக ஊராமல், ரெண்டு வண்டி அளவு இடைவெளி விழும்வரை பிரேக்கில் நின்று ஒரே மூச்சில் நகர்கிறேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கிற இடத்தில் 'என்'-இல் (நியூட்ரல்) போட்டு ஹேண்ட்பிரேக். மேட்டில் வண்டி உருளாமல் தானே பிடிக்கிற ஹில் ஹோல்ட் என் வண்டியில் கிடையாது. இருந்தாலும் அது ரெண்டு நொடி பிடிக்கும், பிறகு நம் கையில்தான்.

ஏறுவதைப் பற்றி இவ்வளவு திட்டிவிட்டு, இறங்குவதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அங்கே இந்த வண்டி தங்கம். ஆனால் அதையும் கற்றுக்கொடுத்தது வேறு ஆள். வாங்கின முதல் மாதம், கியர் தானாக மாறுகிற 'டி'-யிலேயே (டிரைவ்) இறங்கினேன். இறக்கத்தில் இன்ஜினுக்குப் பாரம் இல்லை என்று நினைத்து 'டி' மேல் கியருக்குத் தாவிவிடும், பாரம் முழுக்க பிரேக் மேல். குரங்கு அருவி தாண்டும்போது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. உடம்பு சில்லிட்டுவிட்டது. ஓரம் கட்டி நின்றபோது எஸ்டேட் ஜீப் டிரைவர் ஒருவர் நிறுத்தி, எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஏறுன கியர்லதான் எறங்கோணும் தம்பி."

அன்றிலிருந்து இறக்கம் முழுக்க, கியரை நாமே மாற்றுகிற 'எம்' (மேனுவல்) பக்கம் தள்ளி ரெண்டாவது கியர், கடும் வளைவில் முதல் கியர். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. வளைவுக்கு முன் ஒரு அழுத்து, விட்டுவிடு. பிரேக்கில் காலைப் போட்டே இறங்கக் கூடாது. 40,000 கிலோமீட்டரில் கழற்றிப் பார்த்தபோது முன் பிரேக் பேடில் பாதி மிச்சம் இருந்தது, மெக்கானிக்கே நம்பவில்லை. அதோடு பிரேக் ஆயிலை ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றிவிடுகிறேன். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். அன்று பெடல் பஞ்சானதும், புது ஆயிலாக இருந்தும், சூட்டில் கொதித்துத்தான் இருக்கும். அளவு குறையவில்லையே என்று ஆயிலை அப்படியே விடுகிறவர்கள் மலைக்கு வர வேண்டாம்.

நிறுத்துவதிலும் ஒரு விஷயம். இதில் 'பி' (பார்க்கிங்) கிடையாது. 'என்'-இல் விட்டு ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பிச் சரிவில் விட்டுப் போகிறார்கள், பார்த்தால் எனக்குப் பதறும். மூக்கு மேட்டைப் பார்த்திருந்தால் 'டி', பள்ளத்தைப் பார்த்திருந்தால் 'ஆர்' (ரிவர்ஸ்) போட்டு, பிரேக்கை மிதித்தபடி இன்ஜினை அணைத்தால் கியர் பிடித்துக்கொள்ளும். ஹேண்ட்பிரேக்கும் போட்டு டயருக்கு ஒரு கல்லும் வைத்தால் நிம்மதி.

மைலேஜ் பற்றிக் குறையில்லை. கோயம்புத்தூர் ரோட்டில் 20, மலை ஏற 12, போய் வந்தால் சராசரி 16-க்கு மேல். திங்கள் காலை டயர் சூடாவதற்கு முன் காற்று பார்ப்பேன், 33 பிஎஸ்ஐ. கியர் மாறும்போது தலையை ஆட்டுகிறதே என்று பலர் குறை சொல்வார்கள். மாறப்போகிற நொடியில் ஆக்ஸிலேட்டரை இம்மி தளர்த்தினால் அது பாதி போய்விடும். ஆனால் ஓவர்டேக்கில் கவனம் வேண்டும். அழுத்தியதும் பாயாது, ஒரு மூச்சு யோசித்துத்தான் கியரைக் குறைக்கும். எதிரே வண்டி வரும்போது அந்த ஒரு மூச்சு பெரிசு. முன்கூட்டியே 'எம்'-இல் குறைத்துக்கொண்டு தாண்டுவேன், இல்லையென்றால் தாண்டவே மாட்டேன்.

எழுதியதை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். படித்துவிட்டு உடனே கூப்பிட்டான். "கடைசியா என்னதானுங்ணா சொல்றீங்க?"

"வாங்காத" என்றேன். முந்தின ஆள் மேட்டில் எந்தப் பெடலால் நிறுத்தினான் என்று உனக்கோ எனக்கோ தெரியாது, கியர்பாக்ஸை இறக்காமல் பிளேட்டைப் பார்க்கவும் முடியாது. உனக்கு ரெண்டு காலும் நன்றாக இருக்கிறது, மேனுவல் எடு.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் கேட்டான்: "அப்ப உங்க வண்டிய எனக்குக் குடுத்தர்றீங்களா? அதுல கிளட்ச் புதுசுதான?"

அதுக்கும் இல்லை என்றுவிட்டேன். திங்கள் விடிகாலை நான் மலை ஏற வேண்டும்.