வெட்டா, லேசரா, களிம்பா? வல்வாவின் புற்றுக்கு முந்தைய திட்டுகள்

வல்வா என்பது பெண்ணின் வெளிப்புறப் பிறப்புறுப்பு. அதன் தோலில் பின்னாளில் புற்றாக மாறக்கூடிய திட்டு வந்தால், சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முன் அது எந்த வகை என்று தெரிந்தாக வேண்டும். ஹெச்பிவி (HPV) வைரஸால், பெரும்பாலும் அதன் 16ஆம் வகையால், வரும் திட்டின் பெயர் ஹெச்சில் (HSIL). பல இடங்களில் பரவலாக வரும். புகைபிடிப்பவர்களுக்கும் எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்களுக்கும் அதிகம். லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற, தோல் வெளுத்து அரிக்கும் நோய் நாள்பட்டு இருக்கும் வயதான பெண்களுக்கு வருவது இன்னொரு வகை, டி-வின் (dVIN). இதில் வைரஸுக்குப் பங்கில்லை, ஆனால் புற்றாக மாறும் வாய்ப்பும் வேகமும் அதிகம். டி-வின் என்றால் வெட்டி எடுப்பதுதான் சரி. லேசரும் களிம்பும் அதற்கு வேண்டாம்.

வகையைச் சொல்வது பயாப்ஸி, அதாவது சிறு துண்டுத் தோலை எடுத்து ஆய்வகத்தில் பார்ப்பது. மரத்துப்போக லிக்னோகெயின் ஊசி போட்டு, 4 மி.மீ. பஞ்ச் கருவியால் எடுத்தால் போதும். திட்டுகள் பலவானால் தோற்றம் மாறும் ஒவ்வொன்றிலும் எடுக்க வேண்டும். பூஞ்சை என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பதும், மாதவிடாய் நின்றபின் வந்த 'மரு'வைச் சோதிக்காமல் சுட்டுவிடுவதும்தான் நோயைத் தவறவிடும் வழிகள்.

இனி ஹெச்சிலுக்கு. உள்ளே புற்று ஒளிந்திருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் அறுவைதான்: சுற்றிலும் 0.5 முதல் 1 செ.மீ. நல்ல தோலோடு எடுத்தால் முழுத் திசுவும் ஆய்வகத்துக்குப் போகும். அதற்குக் கொடுக்கும் விலை, தழும்பும் வடிவ மாற்றமும். கிளிட்டோரிஸ் அருகில் லேசர் வடிவத்தைக் காக்கும். ஆனால் ஆராயத் திசு மிஞ்சாது. முடியுள்ள தோலில் நோய் மயிர்க்கால் வழியே இறங்குவதால் சுமார் 3 மி.மீ. ஆழம் வேண்டும், மேலோட்டமாகச் சுட்டால் திரும்ப வரும்.

5% இமிக்விமோட் களிம்பை வெறும் மாற்றுவழியாகப் பார்க்கக் கூடாது. 2022இல் லான்செட்டில் வந்த ஆஸ்திரியச் சோதனையில் களிம்பில் 80%, அறுவையில் 79% பேருக்குத் திட்டு முழுதாக மறைந்தது. வாரம் மூன்று இரவு, திட்டின்மேல் மட்டும் மெல்லியதாக, காலையில் கழுவி, 12 முதல் 20 வாரம். தோல் சிவந்து எரியும், சிலருக்குக் காய்ச்சல்போல் இருக்கும். பலர் கைவிடுவது இங்கேதான். அது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல, மருந்து நோயெதிர்ப்பைத் தூண்டுவதன் விளைவு. வாரம் ஒரு இரவில் தொடங்கிக் கூட்டலாம். புண்ணானால் சில நாள் நிறுத்தித் தொடரலாம். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

புற்றுச் சந்தேகமில்லாத, பல திட்டுகள் உள்ள இளம்பெண்ணுக்கு எங்கள் முதல் தேர்வு களிம்பே. பலனில்லையென்றால் மறுபடி பயாப்ஸி, பிறகு அறுவை. எதைச் செய்தாலும் சுமார் மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வருவதால் 6ஆம், 12ஆம் மாதங்களிலும், பிறகு ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். கருப்பைவாயையும் ஆசனவாயையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். அதே வைரஸ் அங்கும் இருக்கக்கூடும்.