ஐ-ஏர்ன் லேர்னிங் சர்க்கிள்: ஆசிரியர்களுக்கான மதிப்புரை

வெளிநாட்டு வகுப்புகளோடு சேர்ந்து பாடத்திட்டம் செய்ய விரும்பும் ஆசிரியருக்கு, 1988-இல் தொடங்கிய, பல நாட்டுப் பள்ளிகளை இணையவழி இணைக்கும் ஐ-ஏர்ன் (iEARN) அமைப்பின் 'லேர்னிங் சர்க்கிள்' என்ற கற்றல் வட்டத்தைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். பல நாடுகளைச் சேர்ந்த ஆறு முதல் எட்டு வகுப்புகள் ஒரு வட்டம். செப்டம்பரிலும் ஜனவரியிலும் என ஆண்டுக்கு இரண்டு சுற்று.

ஒவ்வொரு வகுப்பும் ஒரு திட்டத்தை முன்வைக்கும். மற்ற வகுப்புகள் அதற்கு எழுதி அனுப்பும். பலர் திணறுவது இங்கேதான். எட்டு வகுப்பு என்றால், சொந்தத் திட்டத்தோடு வேறு ஏழுக்கும் பதில் எழுத வேண்டும். மொத்த வகுப்பையும் ஒவ்வொன்றாக எழுதவைத்தால் பாதியிலேயே மூச்சு வாங்கும். மாணவர்களை எட்டுக் குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு திட்டம் கொடுப்பதே சரி.

கேள்வியும் கூர்மையாக இருக்கவேண்டும். "உங்கள் பண்பாடு பற்றி எழுதுங்கள்" என்றால் இணையத்திலிருந்து நகலெடுத்த பத்திகள்தான் வரும். "உங்கள் வீட்டுக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? கோடையில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள், பிள்ளைகள் வீட்டில் விசாரித்து எழுதுவார்கள். அந்தப் பதில்களைப் படிக்கப் படிக்க அவ்வளவு சுவாரஸ்யம்!

குறை என்றால், நடுவில் மௌனமாகிவிடும் வகுப்புகள். பெரும்பாலும் காரணம் தேர்வும் விடுமுறையும்தான். முதல் வாரமே எல்லோருடைய விடுமுறைத் தேதிகளையும் வாங்கி ஒரே அட்டவணையில் போட்டுவிடுங்கள். தமிழகப் பள்ளிகளுக்குச் செப்டம்பர் சுற்றே தோது. ஜனவரிச் சுற்று ஆண்டுத் தேர்வில் போய் முட்டும்.

ஒரு வகுப்போடு மட்டும் பழகிப் பார்க்க நினைப்பவர்கள், தொடக்கப்பள்ளி என்றால், இதே அமைப்பின் கரடிபொம்மைப் பரிமாற்றத்தில் தொடங்கலாம்; இரண்டு வகுப்புகள் தபாலில் பொம்மைகளை மாற்றிக்கொள்ளும் திட்டம் அது. தபால் செலவு மட்டும் கையைக் கடிக்கும்.